காட்டுக் காளான்: பறிக்கும் முன், சமைக்கும் முன், மருந்தென்று நம்பும் முன்

மனிதர் சாப்பிடும் காளான்கள் என்று உலகெங்கும் பதிவாகியிருந்தவற்றை 2021-இல் ஆய்வாளர்கள் சலித்தெடுத்தபோது 2,189 இனங்கள் தேறின. அவற்றில் 2,006 இனங்களைப் பாதுகாப்பாகச் சாப்பிடலாம் என்று வகைப்படுத்தினார்கள். மீதி 183 இனங்களுக்கு நிபந்தனை உண்டு: வேகவைத்து நீரை வடிப்பது போன்ற பக்குவம் வேண்டும், அல்லது சிலருக்கு ஒவ்வாமை வரலாம். புதிதாக இறங்குகிறவர் இந்த ஆயிரங்களைக் கண்டு மலைக்கத் தேவையில்லை. மூன்று நான்கு இனங்களைச் சந்தேகமே இல்லாமல் அடையாளம் காணத் தெரிந்தால் ஆயுளுக்கும் போதும்.

காளானைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மருத்துவ குணத்தில் தொடங்கி, சத்துப் பட்டியலுக்கு வந்து, கடைசி வரியில் "நச்சுக் காளான்களும் உண்டு, எச்சரிக்கை" என்று முடித்துவிடுகிறார்கள். நான் அந்த வரிசையைத் திருப்பிப் போடுகிறேன். அடையாளம் முதலில், அடுப்பு அடுத்து, சத்து அதன் பிறகு, மருந்து கடைசியில். எவ்வளவு உறுதியாகப் பேச முடியும் என்பதும் ஏறக்குறைய இதே வரிசையில்தான் குறைந்துகொண்டே போகிறது.

1. ஒரே ஓர் இனத்தோடு ஆரம்பியுங்கள்

கண்ணில் படும் எல்லாக் காளானுக்கும் பெயர் கண்டுபிடிக்க முயலாதீர்கள். நீங்கள் வாழும் பகுதியில் மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பறித்துச் சாப்பிடும் ஓர் இனத்தைத் தேர்ந்தெடுத்து, அதைப் பறிக்கத் தெரிந்தவர் ஒருவரோடு ஒரு பருவம் முழுக்கப் போய்வாருங்கள். மொட்டு விட்ட நிலை, விரிந்த நிலை, மழையில் ஊறியது, வெயிலில் சுருங்கியது, பூச்சி அரித்தது என்று அதன் எல்லாக் கோலத்தையும் பார்த்துவிட வேண்டும். புத்தகத்தில் இருப்பது நன்றாக விரிந்த காளானின் அழகான படம். தரையில் கிடைப்பது பெரும்பாலும் அப்படி இருக்காது. அந்த இனத்தைப் போலவே தோற்றம் காட்டும் நச்சினம் எது என்பதையும் சேர்த்தே படியுங்கள். போலியைத் தெரியாதவருக்கு அசலும் தெரியாது என்றுதான் நான் சொல்வேன்.

தொடங்குவதற்கு ஏற்றவை, நச்சுக் காளான்களோடு உருவத்தில் அதிகம் நெருங்காதவை. சாண்டரெல் காளானில் குடைக்கு அடியில் இருப்பது தகடு தகடாகப் பிரியும் செவுள் அல்ல. சதையோடு ஒட்டி, கிளை பிரிந்து, தண்டு வரை இறங்கும் மழுங்கிய வரிகள். அதன் போலியான ஆம்ஃபலோட்டஸ் கூர்மையான செவுள்களோடு, மரத்தின் அடியில் கொத்தாக முளைக்கும். இந்த ஒரு வித்தியாசத்தை விரலால் தடவியே உணரலாம். மோரல் காளானை நெடுக வெட்டினால் உச்சியிலிருந்து அடிவரை உள்ளே ஒரே வெற்றிடம். வெள்ளைப் பழுப்புக் குடையோ, செவுளோ, வளையமோ கொண்ட தரைக் காளான்களை முதல் இரண்டு மூன்று பருவங்களுக்குத் தொடவே வேண்டாம்.

கைபேசிச் செயலி சொல்லும் பெயர் ஒரு யோசனை மட்டுமே. மேலிருந்து எடுத்த படத்தில் தண்டின் அடியோ செவுளின் ஒட்டோ மணமோ தெரியாது. தெரியாததை வைத்து அது எப்படி முடிவு சொல்லும்?

ஓர் இடத்தில் கற்ற அறிவை இன்னோர் இடத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துப் போகக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆசியாவில் வைக்கோல் காளான் பறித்துப் பழகியவர்கள் ஆஸ்திரேலியாவுக்கும் அமெரிக்காவுக்கும் குடிபெயர்ந்தபின், அங்கே ஓக் மரங்களின் அடியில் முளைக்கும் டெத் கேப் காளானை அதுவென்று எண்ணிச் சமைத்து உயிரிழந்திருக்கிறார்கள். இளம் பருவத்தில் இரண்டுமே அடியில் பை போன்ற உறையோடு ஒன்றுபோல இருக்கும். பிறந்த ஊரில் அவர்களுடைய அறிவு சரியானதுதான்.

தலைமுறை தலைமுறையாகச் சாப்பிடுவதே முழு உத்தரவாதமா என்றால், அதுவும் இல்லை. ஐரோப்பாவில் வெகுகாலம் உண்ணப்பட்ட பாக்ஸிலஸ் இன்வொலூட்டஸ் காளானைச் சாப்பிட்டு 1944-இல் இறந்தவர் யூலியஸ் ஷேஃபர். அவரே ஒரு காளான் அறிஞர். டிரைகோலோமா ஈக்வெஸ்ட்ரே பிரான்சில் விரும்பி உண்ணப்பட்டது. திரும்பத் திரும்பச் சாப்பிட்டவர்களுக்குத் தசை சிதைந்து, சிலர் இறந்தும் போனது 2001-இல் மருத்துவ இதழில் வெளிவந்தது. ஆகவே பழைய புத்தகம் "உண்ணத்தக்கது" என்று சொன்னாலும் புதிய பதிப்பு என்ன சொல்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

2. அடியோடு எடுங்கள், வெட்டிப் பாருங்கள், அச்சு எடுங்கள்

அடையாளம் காணும் கட்டத்தில் காளானைத் தண்டில் வெட்டக் கூடாது. கத்தியால் சுற்றி மண்ணைக் கிளறி, அடிக்கிழங்கோடு எடுங்கள். டெத் கேப் போன்ற அமானிட்டா இனங்களின் முக்கிய அடையாளமான பை உறை மண்ணுக்குள்தான் ஒளிந்திருக்கும். மேலே வெட்டியவர் அந்தச் சாட்சியை மண்ணிலேயே விட்டுவிட்டு வந்துவிடுகிறார்.

உருண்டையாக, முட்டைபோல இருக்கும் எதையும் நெடுக இரண்டாக வெட்டிப் பாருங்கள். பஃப்பால் காளானாக இருந்தால் உள்ளே விளிம்புமுதல் விளிம்புவரை ஒரே வெள்ளைச் சதை. உள்ளே குடையும் தண்டும் கோட்டோவியமாகத் தெரிந்தால் அது விரியாத அமானிட்டாவாக இருக்கலாம், தூக்கி எறியுங்கள்.

அடுத்தது ஸ்போர் அச்சு, அதாவது காளானின் வித்துத் தூளைக் காகிதத்தில் படியவைத்து நிறம் பார்ப்பது. செலவே இல்லாத இந்தச் சோதனையைத்தான் பலர் சோம்பலில் விட்டுவிடுகிறார்கள். ஒரு காகிதத்தின் பாதியைக் கறுப்பாக்கிக்கொள்ளுங்கள். நன்றாக விரிந்த காளானின் குடையைத் தண்டிலிருந்து அறுத்து, செவுள் பக்கம் கீழே படும்படி, பாதி வெள்ளையிலும் பாதி கறுப்பிலும் அமரவையுங்கள். குடையின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, காற்றுப் படாமல் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்து இரவு முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் குடையை நேர் மேலே தூக்குங்கள். பக்கவாட்டில் இழுத்தால் எல்லாம் கலைந்துபோகும். செவுள்களுக்கு இடையிலிருந்து உதிர்ந்த தூள், நடுவிலிருந்து விளிம்புக்கு ஓடும் மெல்லிய கோடுகளாகப் படிந்திருக்கும். வெள்ளைத் தூளானால் காகிதத்தின் வெள்ளைப் பாதியில் ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும். கறுப்புப் பாதியில் பளிச்சென்று தெரியும். கறுப்பு எதற்கு என்பது அப்போது புரியும்.

வைக்கோல் காளானின் அச்சு இளஞ்சிவப்பு, டெத் கேப்பின் அச்சு வெள்ளை. ஆஸ்திரேலியாவில் உயிரைக் குடித்த குழப்பத்தை ஒரு காகிதத் துண்டு தீர்த்திருக்கும். மொட்டுக் காளானின் பேரினமான அகாரிகஸுக்குச் சாக்லேட் பழுப்பு. வெப்ப நாடுகளின் புல்வெளிகளில் பலரை வாந்தி எடுக்க வைக்கும் குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸுக்குப் பச்சை. அந்தப் பச்சை வேறெந்தக் காளானிலும் அநேகமாக வராது.

வெள்ளிக் கரண்டி கறுக்குமா, பூண்டு நிறம் மாறுமா, அரிசி சிவக்குமா, பூச்சி தின்றிருக்கிறதா, குடையின் தோல் உரிகிறதா: இந்தப் பரம்பரைச் சோதனைகள் ஒன்றுகூட வேலை செய்யாது. டெத் கேப்பை நத்தை நிம்மதியாகத் தின்னும். சாப்பிட்டுப் பிழைத்தவர்கள் அது சுவையாகவே இருந்தது என்று சொல்லியிருக்கிறார்கள்.

3. எங்கே முளைத்தது?

காளானின் இழைகள் மண்ணில் பரந்து ஊடுருவி, கிடைத்ததையெல்லாம் உறிஞ்சிச் சேர்க்கும். காட்மியம், பாதரசம், ஈயம் எல்லாம் அதில் அடக்கம். போக்குவரத்து மிகுந்த சாலையோரம், தொழிற்சாலை வளாகம், சுரங்கக் கழிவு, பூச்சிமருந்து அடித்த தோட்டம் ஆகிய இடங்களில் முளைத்தது எவ்வளவு நல்ல இனமானாலும் விட்டுவிடுங்கள். 1986 செர்னோபில் விபத்துக்குப் பல ஆண்டுகள் கழித்தும் ஐரோப்பியக் காடுகளின் சில காளான்களில் கதிரியக்க சீசியம் அளவுக்கு மிஞ்சி இருந்தது. பாதுகாக்கப்பட்ட காடானால் பறிக்க அனுமதி உண்டா என்று கேட்டுக்கொள்வதும் இந்தப் படியில்தான் வரும்.

பறித்ததைக் கூடையிலோ காகிதப் பையிலோ போடுங்கள். பிளாஸ்டிக் பையில் வியர்த்து, சில மணி நேரத்தில் அழுகத் தொடங்கும். கெட்டுப்போன நல்ல காளானால் வரும் வயிற்றுக்கோளாறும் நிறைய உண்டு.

4. அடுப்பில்

காட்டுக் காளானைப் பச்சையாகச் சாப்பிடாதீர்கள். இதற்கு விதிவிலக்கு தேடவும் வேண்டாம். காளானின் செல் சுவர் கைட்டினால் ஆனது. நண்டு ஓட்டில் இருப்பதும் அதே பொருள்தான். நம் வயிறு அதை எளிதில் உடைக்காது. வெந்தால்தான் சுவர் நெகிழ்ந்து உள்ளிருக்கும் சத்து வெளிவரும். நல்ல இனங்கள் சிலவற்றில் சூட்டில் மட்டுமே அழியும் நச்சுப் பொருள்களும் உண்டு. மோரல் உலகப் புகழ்பெற்ற உணவுக் காளான். ஆனாலும் 2023-இல் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஓர் உணவகத்தில் பச்சையாகவும் அரைவேக்காடாகவும் மோரல் பரிமாறப்பட்டு 51 பேர் நோயுற்றார்கள், இரண்டு பேர் இறந்தார்கள். ஷிடேக் என்ற வளர்ப்புக் காளானை வேகாமல் சாப்பிட்ட சிலருக்குச் சாட்டையால் அடித்ததுபோல் உடம்பெங்கும் கோடு கோடாகத் தடிப்பு எழும்.

மண்ணைத் தூரிகையால் தட்டிவிட்டு, தேவையானால் ஓடும் நீரில் சட்டென்று அலசுங்கள். பிறகு அகன்ற வாணலியில் எண்ணெய் இல்லாமலே போட்டு மிதமான தீயில் வையுங்கள். முதலில் தன் நீரையெல்லாம் விட்டு அதிலேயே கொதிக்கும். அந்த நீர் வற்றி வாணலி மீண்டும் சடசடக்கும்போது எண்ணெய் சேர்த்து வதக்குங்கள். மொத்தம் பதினைந்து நிமிடம் குறையாமல் இருக்கட்டும். வடிக்க வேண்டிய தேவை இல்லாத இனமென்றால் நீரைக் கொட்டாதீர்கள். பி வைட்டமின்களும் பொட்டாசியமும் அதில்தான் இறங்கியிருக்கும்.

ஒரு விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள்: சமைத்தால் எல்லா நஞ்சும் போய்விடும் என்பது பொய். டெத் கேப்பில் இருக்கும் அமாடாக்சின் என்ற நஞ்சு கொதிக்கவைத்தாலும் அழியாது, காயவைத்தாலும் உறையவைத்தாலும் அழியாது.

புதிய இனத்தை முதன்முதலில் சாப்பிடும்போது இரண்டு மூன்று துண்டு போதும். அதோடு வேறு புதிய காளான் எதையும் கலக்காதீர்கள், மது கூடவே கூடாது. காப்ரினாப்சிஸ் அட்ரமென்டேரியா என்ற மைக்காளான் உணவாகச் சரி. ஆனால் சாப்பிட்ட மூன்று நாளுக்குள் மது உள்ளே போனால் முகம் சிவந்து நெஞ்சு படபடக்கும். சமைக்காத முழுக் காளான் ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக் குளிர்பெட்டியில் வைத்திருங்கள். அதன் பயன் அடுத்த படியில்.

5. ஏதாவது தவறிப்போனால்

இங்கே கடிகாரம்தான் துப்பு. சாப்பிட்டு ஓரிரு மணி நேரத்துக்குள் வாந்தி பேதி வந்தால் அது பெரும்பாலும் குடலை மட்டும் தொந்தரவு செய்யும் நஞ்சு. அப்போதும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஆறு மணி நேரம் கழித்து ஆரம்பித்தால் நிலைமை வேறு. அமாடாக்சின் அப்படித்தான் வரும்: ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஒன்றும் இருக்காது, பிறகு கடுமையான வாந்தி பேதி, அதன்பின் ஒரு நாள்போல் எல்லாம் சரியானதுபோன்ற தோற்றம். "பிழைத்தோம்" என்று வீட்டுக்குத் திரும்பும் அந்த இடைவேளையில்தான் கல்லீரல் சிதைந்துகொண்டிருக்கிறது. மூன்றாவது நான்காவது நாளில் அது வெளியே தெரியும்போது, மாற்றுக் கல்லீரல் வரை போக வேண்டியிருக்கலாம். கார்டினேரியஸ் காளான் இனங்கள் சிலவற்றில் உள்ள ஒரெல்லனின் என்ற நஞ்சு இன்னும் பொறுமைசாலி. சிறுநீரகம் பழுதாவது சில நாள் முதல் இரண்டு மூன்று வாரம் கழித்துக்கூடத் தெரியவரும்.

சந்தேகம் வந்த உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அறிகுறிக்காகக் காத்திருக்க வேண்டாம். எடுத்து வைத்த முழுக் காளான், மீந்த சமையல், சாப்பிட்ட நேரம், உடன் சாப்பிட்டவர்கள் யார் என்ற விவரம் எல்லாமும் கூடவே வரட்டும்.

6. தட்டில் உண்மையில் என்ன இருக்கிறது?

காளானில் 100 கிராம் உலர் எடைக்கு 19 முதல் 35 கிராம் வரை புரதம் என்று ஒரு கணக்கு எல்லா இடத்திலும் சுற்றுகிறது. கணக்கு பொய்யில்லை, ஆனால் "உலர்" என்ற சொல்லை விட்டுவிட்டு மேற்கோள் காட்டுகிறார்கள். புதுக் காளானில் ஏறத்தாழ 90 சதவீதம் தண்ணீர். 100 கிராம் புதுக் காளானைக் காயவைத்தால் மிஞ்சுவது 10 கிராம். அதில் புரதம் இரண்டு மூன்று கிராம். இருபது கிராம் புரதத்துக்கு ஏறக்குறைய 650 கிராம் முதல் ஒரு கிலோ வரை சாப்பிட வேண்டும். இன்னொரு நுணுக்கம்: புரதத்தை நைட்ரஜன் அளவிலிருந்து கணக்கிடுவார்கள், கைட்டினிலும் நைட்ரஜன் உண்டு. அதனால் வழக்கமான 6.25-க்குப் பதில் காளானுக்கு 4.38 என்ற பெருக்கெண்ணைப் பயன்படுத்துகிறார்கள். பெரிய எண் காட்டும் பட்டியலைப் பார்த்தால் எந்தப் பெருக்கெண் என்று கேளுங்கள். இறைச்சிக்கு ஈடு என்ற பேச்சை விட்டுவிட்டால், தானியங்களில் குறைவாக இருக்கும் லைசின் என்ற அமினோ அமிலம் காளானில் நன்றாகவே இருக்கிறது. தானிய உணவோடு சேர அது நல்ல துணை.

காளான் தனித்து நிற்பது வைட்டமின் டியில். அதன் செல்களில் இருக்கும் எர்கோஸ்டிரால் புற ஊதாக் கதிர் பட்டால் வைட்டமின் டி2 ஆக மாறும். இருட்டறையில் வளர்த்த காளானில் அது சொற்பம். வெளிச்சத்தில் முளைத்த காட்டுக் காளான்களில் கூடுதல். பறித்த பிறகும் நீங்களே இதைக் கூட்டலாம். மெல்லிய வில்லைகளாக நறுக்கி, நடுப்பகல் வெயிலில் அரைமணி முதல் ஒரு மணி நேரம் பரப்பி வைத்தால் 100 கிராமுக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டிப் போவது சாதாரணம். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்குப் பரிந்துரைக்கப்படுவது 15 மைக்ரோகிராம். கண்ணாடிச் சன்னலுக்கு உள்ளே வைத்தால் பலனில்லை. தேவையான கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். காயவைத்துச் சேமித்தாலும் டி2 மாதக்கணக்கில் மெல்லக் குறையும், அதனால் ஆண்டுக்கணக்கில் பதுக்கி வைக்காதீர்கள்.

எர்கோதயோனின் என்ற சேர்மத்தை 1909-இல் ஒரு பூஞ்சையிலிருந்துதான் பிரித்தார்கள். நம் உடல் இதைத் தானே தயாரிப்பதில்லை, ஆனால் இதை உள்ளிழுக்கவென்றே செல்களில் ஒரு கடத்திப் புரதம் வைத்திருக்கிறது. உணவில் இதன் முதன்மையான மூலம் காளான். போர்சினி என்ற காட்டுக் காளான் அதில் முன்னணி. ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கிறது என்பது தெரியும். அதனால் மனிதருக்கு எந்த நோய் எவ்வளவு குறையும் என்பது இன்னும் ஆய்வில்தான் இருக்கிறது.

மற்றதை விரைவாகச் சொல்லிவிடலாம். பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு, கொழுப்பு மிகக் குறைவு, ரிபோஃப்ளேவினும் நியாசினும் நல்ல அளவு. பி12 சில இனங்களில் மட்டும் கொஞ்சம் உண்டு. இறைச்சி உண்ணாதவர்கள் அதை நம்பி இருக்கக் கூடாது. சிறுநீரக நோய்க்காகப் பொட்டாசியத்தைக் கட்டுப்படுத்துகிறவர்கள் அளவைக் கேட்டுக்கொள்ள வேண்டும். ட்ரெஹலோஸ் என்ற காளான் சர்க்கரை செரிக்காத சிலருக்கு எந்த நல்ல காளானும் வயிற்றை உப்பவைக்கும்.

7. மருந்து என்ற பெயரில் வருவது

காளானில் மருந்து இல்லை என்று சொல்ல மாட்டேன். கிளிட்டோபிலஸ் பாஸக்கெரியானஸ் காளானிலிருந்து 1951-இல் பிரித்த ப்ளூரோமியூட்டிலினை மாற்றியமைத்து உருவாக்கிய லெஃபாமுலின், 2019-இல் அமெரிக்காவில் நுரையீரல் அழற்சிக்கு மருந்தாக ஒப்புதல் பெற்றது. இடையில் 68 ஆண்டுகள். காளானில் ஒரு பொருள் இருக்கிறது என்பதற்கும் அது மருந்து என்பதற்கும் உள்ள தூரம் அவ்வளவு.

காளானின் செல் சுவரில் பீட்டா குளுக்கான் என்ற நீண்ட சர்க்கரைச் சங்கிலி உண்டு. ஷிடேக்கின் பீட்டா குளுக்கானான லென்டினான் ஜப்பானில் 1985-இல் இரைப்பைப் புற்றுநோய்க்கு ஒப்புதல் பெற்றது. இதை மேற்கோள் காட்டிக் காளான் விற்கிறவர்கள் சொல்லாமல் விடுவது: அது ஊசிவழி ஏற்றப்பட்டது, கீமோதெரபியோடு துணையாகத் தரப்பட்டது. தட்டில் வரும் ஷிடேக்கும் அந்த ஊசியும் ஒன்றல்ல. லயன்ஸ் மேன் காளானுக்கு 2009-இல் ஜப்பானில் ஒரு சோதனை நடந்தது. லேசான மறதி உள்ள 30 பேர், 50 முதல் 80 வயது, பாதிப்பேருக்கு நாளொன்றுக்கு 3 கிராம் தூள், 16 வாரம். மதிப்பெண் உயர்ந்தது, நிறுத்திய நான்கு வாரத்தில் இறங்கியது. நம்பிக்கை தரும் செய்தி, ஆனால் முப்பதே பேர். ரெய்ஷிக் காளான் பற்றிய ஆய்வுகளை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் கோக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு 2012-இல் சலித்தபோது, புற்றுநோய்க்கு முதல் சிகிச்சையாக அதைப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்றே முடிவு வந்தது.

ஆகவே ஒரு காளான் மருந்துச் செய்தியைக் கண்டால் மூன்று கேள்வி கேளுங்கள். சோதனை குடுவையிலா, எலியிலா, மனிதரிலா? கொடுத்தது முழுக் காளானா, பிரித்தெடுத்த சாரமா, ஊசியா? எத்தனை பேர், எவ்வளவு நாள்? தூளோ மாத்திரையோ வாங்குவதாக இருந்தால் நான்காவதும் உண்டு: அது முழுக் காளானின் தூளா, தானியத்தில் வளர்த்த பூஞ்சை இழையா? தானியத்தோடு சேர்த்து அரைத்ததில் மாவுச்சத்துதான் பெரும்பங்காக இருக்கக்கூடும். "மொத்தப் பாலிசாக்கரைடு" என்ற எண்ணில் அந்த மாவும் சேர்ந்துவிடும். பீட்டா குளுக்கான் எவ்வளவு என்று தனியே போட்டிருக்க வேண்டும்.

இயற்கையானது என்பதால் கெடுதல் செய்யாது என்று எண்ணிவிடாதீர்கள். பிர்ச் மரத்தில் வளரும் சாகாக் காளானில், சிறுநீரகத்தில் படியக்கூடிய ஆக்சலேட் மிகுதி. அதன் தூளை மாதக்கணக்கில் குடித்துச் சிறுநீரகம் பழுதானவர்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறார்கள். ரெய்ஷித் தூளால் கல்லீரல் பாதிக்கப்பட்ட பதிவுகளும் உண்டு. இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை, சர்க்கரைக்கான மருந்து, உறுப்பு மாற்றத்துக்குப் பின் எதிர்ப்புச்சக்தியை அடக்கும் மருந்து இவற்றில் எதையாவது எடுக்கிறவர்கள் காளான் மாத்திரையை மருத்துவரிடம் காட்டாமல் தொடங்கக் கூடாது. கர்ப்பிணிகளும் அப்படியே. அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தால், என்னென்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று கேட்கும்போது காளான் தூளையும் அந்தப் பட்டியலில் சொல்லிவிடுங்கள்.